பேசாத ஓட்டுநரும் கேட்கத் தவறியவர்களும்

2015 ஆகஸ்ட் 20 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஷெரிஃப் நீதிமன்றத்தில் ஓர் ஓட்டுநர் சாட்சிக் கூண்டில் ஏறினார். எட்டு மாதங்களுக்கு முன், 2014 டிசம்பர் 22-ம் தேதி பிற்பகலில், கிறிஸ்துமஸுக்குப் பொருள் வாங்க வந்த கூட்டம் நிறைந்திருந்த குவீன் தெருவில் அவர் ஓட்டிய மாநகராட்சிக் குப்பை லாரி தறிகெட்டது. நடைபாதையில் ஏறி ஆட்களை இடித்துத் தள்ளியபடியே போய், ஜார்ஜ் சதுக்கத்தில் ஒரு ஓட்டல் கட்டடத்தில் மோதித்தான் நின்றது. எல்லாம் 19 விநாடிகளுக்குள் முடிந்துபோனது. ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் ஒரே குடும்பத்தினர். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஓட்டுநர் நினைவிழந்து கிடந்தார். இதையெல்லாம் விசாரிக்க ஜூலை 22-ம் தேதி தொடங்கிய மரண விசாரணையில், நகரமே அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருந்தது. கூண்டில் ஏறியவரிடம், விசாரித்த நீதிபதியான ஷெரிஃப் ஜான் பெக்கெட் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினார்: தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லத் தேவையில்லை. ஓட்டுநரும் அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டார். கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

அதன்பின் எழுந்த கோபம் ஸ்காட்லாந்தில் வெகுநாள் அடங்கவில்லை. ஆறு உயிர்கள் போயிருக்க, உயிரோடு இருப்பவருக்கு வாயை மூடிக்கொள்ள உரிமையா என்று கேட்டார்கள். இறந்தவர்களின் உறவினர்கள் அத்தனை பேர் முன்னால், ஒரு மனிதரால் எப்படிக் கல்லாக நிற்க முடிகிறது என்று கேட்டார்கள். அவரைப் பேசவைக்கச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற குரலும் எழுந்தது. இந்தக் கோபத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பெற்ற பிள்ளையையும் பெற்றோரையும் ஒரே நாளில் பறிகொடுத்த வீட்டில், 'ஏன்' என்ற கேள்விக்கு இருக்கும் கனம் எந்தச் சட்டப் பிரிவுக்கும் கிடையாது. ஆனாலும் அந்தக் கோபம் தவறான மௌனத்தின் மேல் பாய்ந்தது என்பதே என் வாதம். கிளாஸ்கோவில் ஆறு பேரைக் கொன்றதில் 2015 ஆகஸ்டில் அந்த மனிதர் காத்த மௌனத்துக்குப் பங்கில்லை. 2010-லிருந்தே மருத்துவரின் அறையிலும், வேலைக்கான விண்ணப்பத்திலும், உரிமப் படிவத்திலும் நிலவிய மௌனத்துக்குத்தான் பங்கு உண்டு. அந்த இரண்டாவது மௌனத்தை அன்றைக்கே கலைத்திருக்கக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள். முதல் மௌனத்தின் மேல் வெளிச்சம் குவிந்ததும் அவர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள்.

முதலில், கூண்டில் நிலவிய மௌனம் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். விபத்து நடந்து இரண்டு மாதம்தான் கடந்திருந்தது. 2015 பிப்ரவரியிலேயே ஸ்காட்லாந்து அரசு வழக்குத் துறை, ஓட்டுநர் மேல் குற்ற வழக்குப் போடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. விபத்து நேர்ந்த நொடியில் அவர் நினைவோடு இல்லை. நினைவில்லாதவர் ஆபத்தாக வண்டி ஓட்டினார் என்று சட்டப்படி நிறுவ முடியாது. அன்று காலை வண்டியை எடுக்கும்போதே தான் தகுதியற்றவர் என்று அறிந்திருந்தார் என்பதற்கும் போதிய சான்றில்லை என்பது அதன் வாதம். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இப்படிப் பகிரங்கமாகக் கைவிட்ட வழக்கை அரசுத் தரப்பு பிறகு எடுக்க முடியாது. ஆக, விசாரணை தொடங்கும்போது அரசிடமிருந்து ஓட்டுநருக்கு ஆபத்து இல்லை. அவர் பேசுவார் என்று எல்லோரும் நம்பியதும் அதனால்தான். ஆனால் விசாரணையில் அவருடைய மருத்துவ வரலாறு வெளிவர வெளிவர, ஒரு குடும்பத்தின் சார்பில் வாதாடிய வழக்கறிஞர், அரசு போடாத வழக்கைத் தாங்களே தனியார் வழக்காகப் போடப்போவதாக அறிவித்தார். அந்த நொடியிலேயே ஓட்டுநரின் ஒவ்வொரு பதிலும் அவருக்கு எதிரான சான்றாகக்கூடியதாக மாறியது. விசாரணையை ஒத்திவைக்கச் சொன்ன கோரிக்கையை ஷெரிஃப் ஏற்கவில்லை. அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு எந்த நல்ல வழக்கறிஞரும் பேசாதே என்றுதான் சொல்வார். அந்த மௌனத்தில் ஓட்டுநரின் மனசாட்சியைத் தேடுவது வீண். அதற்குள் இருந்தது, எந்த நடவடிக்கை முதலில், எது பின்னால் என்ற வரிசையைத் தவறாகப் போட்ட ஓர் அமைப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மரண விசாரணையில் சான்றுகளை முன்வைத்து நடத்துவது அதே அரசு வழக்குத் துறைதான். வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்த துறையின் சொலிசிட்டர் ஜெனரலே, லெஸ்லி தாம்சன், இந்த விசாரணையை முன்னின்று நடத்தினார். ஆதலால் பிப்ரவரி முடிவு அவசரத்தில் எடுக்கப்பட்டதா என்ற கேள்வியை அந்த அறையில் முழு மனதோடு கேட்கக்கூடிய இடத்தில் அரசுத் தரப்பு இல்லை. குடும்பங்களின் சந்தேகத்துக்கு ஒரு பாதி காரணம் இதுதான். மீதிப் பாதிக்கு ஓட்டுநரின் மௌனம் காரணமாயிற்று. ஆனால் இரண்டையும் சேர்த்து முழுக்க அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர் பேசாததால் உண்மை புதைந்துவிட்டதா? 2015 டிசம்பர் 7-ம் தேதி ஷெரிஃப் பெக்கெட் வெளியிட்ட முடிவைப் படிப்பவர்கள் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். 2010 ஏப்ரலில், ஒரு பேருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, நிறுத்திவைத்திருந்த பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே அவர் மயங்கிவிழுந்திருக்கிறார். ஆனால் மருத்துவர்களிடம் சொல்லும்போது வெக்கையும் புழுக்கமும் நிறைந்த உணவகத்தில் மயங்கியதாகக் கதை மாறியது. வண்டியின் இருக்கையில் வந்த மயக்கம் ஒன்று. சாப்பாட்டு மேசையில் வந்த மயக்கம் வேறு. முதலாவது உரிமத்தையே பறிக்கக்கூடியது. உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு அவர் எதையும் தெரிவிக்கவில்லை. 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்தபோதும் உரிமத்தைப் புதுப்பித்தபோதும் உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையை எழுதவில்லை. வேலையைப் பெறவும் காப்பாற்றிக்கொள்ளவும் அவர் மீண்டும் மீண்டும் பொய் சொன்னார் என்று ஷெரிஃப் தயக்கமில்லாமல் எழுதினார். குவீன் தெருவில் வந்தது, இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து வரும் மயக்கம் என்ற முடிவுக்கும் வந்தார். இவற்றில் ஒன்றுகூட ஓட்டுநரின் வாயிலிருந்து வந்ததல்ல. மருத்துவக் குறிப்புகள், வேலைக் கோப்புகள், லாரியில் இருந்த கேமரா, உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சியம், நிபுணர்களின் கருத்து ஆகியவை பேசின. அவர் வாய் திறந்திருந்தால் இதைவிட நேர்மையான சித்திரம் கிடைத்திருக்கும் என்று நம்ப அவருடைய முந்தைய நான்கு ஆண்டுகள் இடம் கொடுக்கவில்லை. தன் மயக்கத்தைப் பற்றி மருத்துவரிடமே உண்மை சொல்லாதவரின் வாக்குமூலத்தை எந்த நீதிபதியும் தாளிலுள்ள பதிவுக்கு மேலே வைக்கப்போவதில்லை.

ஆனாலும் எதையும் இழக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தாளில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. உணவகத்தில் மயங்கினேன் என்ற பொய்யைச் சொன்னபோது அவர் மனதில் என்ன இருந்தது? வேலை போய்விடும் என்ற பயமா, ஒரு முறைதானே என்ற அலட்சியமா, அல்லது அது பெரிய விஷயமில்லை என்று யாராவது சொன்னார்களா? இந்தக் கேள்விகள் உறவினர்களின் ஆறுதலுக்கு மட்டுமல்ல, அடுத்த ஓட்டுநரைத் தடுக்கவும் தேவை. பயத்தால் மறைப்பவரைத் தண்டனையை ஏற்றினால் இன்னும் ஆழமாக மறைக்கவைப்போம். அறியாமையால் மறைப்பவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். அவர் பேசியிருந்தால் எது உண்மை என்று ஓரளவாவது தெரிந்திருக்கும். ஆகையால் அவருக்கு மௌன உரிமை உண்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அவர் பேசக்கூடிய நிலையை உருவாக்கியிருக்க வேண்டியது யார் என்று கேட்டாக வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். சாலையில் வண்டி ஓட்டுவது பிறப்புரிமை அல்ல. உரிமம் பெற்றுச் செய்யும் காரியம். உரிமத்தைக் கையில் வாங்கும்போதே சில கடமைகளை ஏற்கிறோம். அதில் விபத்துக்குப் பதில் சொல்வதும் ஒன்றாக இருக்கட்டுமே என்பார்கள். இந்த வாதத்துக்குச் சட்டத்தில் வேரும் உண்டு. ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் ஊரில் 1999-ல் மது வாசனையோடு இருந்த ஒரு பெண்ணிடம், காரை ஓட்டிவந்தது யார் என்று காவலர்கள் கேட்டார்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பதிலை வழக்கில் சான்றாகப் பயன்படுத்துவது மனித உரிமைக்கு எதிரானதா என்ற கேள்வி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எதிரானதல்ல என்று 2000 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு எதை அனுமதித்தது என்று பார்க்க வேண்டும்: ஒரே ஒரு கேள்வி, வண்டியை ஓட்டியது யார் என்பது மட்டும். அதைத் தாண்டி, வாழ்நாள் முழுவதும் உன் உடம்பில் என்ன இருந்தது, எந்த மருத்துவரிடம் என்ன சொன்னாய், மனதில் என்ன நினைத்தாய் என்று சட்டத்தின் வலிமையால் பதில் வாங்கி, பிறகு அதையே குற்ற வழக்கில் வைக்க அது வழி திறக்கவில்லை. கின்னஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் எர்னெஸ்ட் சாண்டர்ஸின் வழக்கில் 1996-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதற்கு நேர் எதிராகத்தான் சொன்னது. நிறுவன விசாரணையில் கட்டாயப்படுத்தி வாங்கிய பதில்களைக் குற்ற வழக்கில் பயன்படுத்தியது நியாயமான விசாரணைக்குப் புறம்பானது என்பது அதன் தீர்ப்பு. கோடீஸ்வர நிறுவனத் தலைவருக்குக் கிடைத்த பாதுகாப்பு குப்பை லாரி ஓட்டுநருக்குக் கிடைக்கக் கூடாது என்று வாதாட யாருக்கும் துணிவு வராது என்று நினைக்கிறேன்.

குற்றம் செய்யாதவர் ஏன் பேசப் பயப்பட வேண்டும் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மௌனத்தையே குற்றத்தின் அடையாளமாக்கினால், பேசும் திறமை உள்ளவர் தப்புவார். திக்குபவர், படிக்காதவர், கூட்டத்தின் முன் நடுங்குபவர் மாட்டிக்கொள்வார். காவல் நிலையத்தில் ஒருவர் பேசாமல் இருந்ததை அவருக்கு எதிரான சான்றாகக் கருத ஸ்காட்லாந்துச் சட்டம் இன்றுவரை அனுமதிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பேசவைக்க வழியே இல்லையா? இருக்கிறது. அவர் விசாரணையில் சொல்வதை எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி கொடுத்துவிட்டுப் பேசவைக்கலாம். இது புதிய யோசனையல்ல. இந்தியாவின் 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் 6-வது பிரிவு, ஆணையம் கேட்டதற்குச் சொன்ன பதிலை, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர வேறு எந்த வழக்கிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ விபத்தில் 72 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையின் இரண்டாம் கட்டத்தில் கட்டட நிறுவனங்களின் ஊழியர்கள் இப்படி ஓர் உறுதி கேட்டார்கள். விசாரணைத் தலைவர் மார்ட்டின் மூர்-பிக் அதை அட்டர்னி ஜெனரலிடம் வேண்டினார். 2020 பிப்ரவரியில் அந்த உறுதி கிடைத்தது. உடனே உயிர் தப்பியவர்களும் உறவினர்களும் கொதித்தார்கள். குற்றவாளிகளுக்குப் பாதுகாப்பா என்று கேட்டார்கள். கிளாஸ்கோவில் மௌனம் கோபத்தைக் கிளப்பியது; கிரென்ஃபெல்லில் பேச்சுக்குக் கொடுத்த விலை கோபத்தைக் கிளப்பியது. இரண்டிலும் துயரப்பட்டவர்கள் கேட்டது ஒன்றுதான்: முழு உண்மையும் வேண்டும், முழுத் தண்டனையும் வேண்டும். ஒரே மனிதரின் வாயிலிருந்து இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது என்பதை யாரும் அவர்களுக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. எது முதலில் என்று தேர்வு செய்யும் பாரத்தைத் துயரத்தில் இருப்பவர்கள் தலையில் வைத்துவிட்டு, கடைசியில் இரண்டும் கிடைக்கவில்லை என்று அவர்கள் அழுவதை வேடிக்கை பார்ப்பது கொடுமை.

கிளாஸ்கோவில் நடந்ததும் அதுதான். தனியார் வழக்கு ஸ்காட்லாந்தில் எவ்வளவு அரிது என்று பாருங்கள். 20-ம் நூற்றாண்டு முழுவதிலும் உயர் நீதிமன்றம் அனுமதித்தவை இரண்டே: ஒன்று 1909-ல், மற்றொன்று 1982-ல், அரசு கைவிட்ட ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு. குப்பை லாரி வழக்கில் குடும்பங்களுக்கு அரசே சட்ட உதவிப் பணம் வழங்கியது. அதே சமயம் இன்னொரு குடும்பத்தின் மனுவும் இருந்தது. 2010 டிசம்பரில் ஜார்ஜ் சதுக்கத்தை ஒட்டிய நார்த் ஹானோவர் தெருவில், காரோட்டிக்கு நினைவு தப்பியதால் இரண்டு மாணவிகள் இறந்திருந்தார்கள். அந்த வழக்கையும் அரசு தொடங்கிவிட்டுக் கைவிட்டிருந்தது. 2016 நவம்பரில் லேடி டோரியன் தலைமையிலான உயர் நீதிமன்ற அமர்வு இரண்டு மனுக்களையும் தள்ளுபடி செய்தது. ஆக, 2015 ஆகஸ்டில் ஓட்டுநரின் வாயை அடைத்த அந்த அச்சுறுத்தல் கடைசியில் வழக்காகவே உருவெடுக்கவில்லை. வழக்கும் இல்லை, வாக்குமூலமும் இல்லை. குடும்பங்கள் தனியார் வழக்கைக் கையில் எடுத்ததில் நான் தவறு காணவில்லை. அரசு வழக்குத் துறை போட மறுத்த வழக்கை அவர்கள் போட முயன்றார்கள், அவ்வளவுதான். ஆனால் வழக்கு உண்டா இல்லையா என்ற கேள்வியை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோய் முதலில் தீர்த்துவிட்டு, அதற்குப் பிறகு மரண விசாரணையைத் தொடங்கியிருந்தால், 2016 நவம்பருக்குப் பின் அந்த ஓட்டுநர் தன்னைக் காத்துக்கொள்ள மௌனத்தில் ஒளிய வேண்டியிருந்திருக்காது. ஓராண்டுக்கு மேல் தாமதமாகியிருக்கும் என்பது உண்மை. அந்தத் தாமதத்துக்கு ஈடாக ஒரு பதில் கிடைத்திருக்கும்.

இனி அந்தப் பழைய மௌனத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் உயிர்நாடி இதுதான். பிரிட்டனில் வாகனம் ஓட்ட ஒருவருக்கு உடல்தகுதி இருக்கிறதா என்று உரிமம் வழங்கும் துறை பெரும்பாலும் யாரிடம் கேட்கிறது? அவரிடமே. மயக்கம், வலிப்பு போன்றவை வந்தால் தானாகவே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம். கனரக வாகன ஓட்டுநர்கள் 45 வயதுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனையிலும் கடந்த கால மயக்கத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஓட்டுநர்தான். உண்மையைச் சொன்னால் வேலை போகும், குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்; பொய் சொன்னால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. இப்படி ஒரு தராசைக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்று நம்பியிருக்கும் ஓர் அமைப்பு, பொய் சொன்னவர் ஒருவர் கிடைத்ததும் அதிர்ச்சி அடைவது விந்தை. அந்த ஓட்டுநரின் பொய்க்கு அவரே பொறுப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2015 செப்டம்பரில், உடல்நலக் காரணத்தால் உரிமம் பறிக்கப்பட்டிருந்த நிலையிலும் அவர் மறுபடி காரை ஓட்டினார் என்பதும், அந்தக் குற்றத்தைப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார் என்பதும் அவர் மேல் இரக்கப்பட இடம் வைக்கவில்லை. ஆனால் அந்தச் செயலும் என் வாதத்தைத்தான் உறுதிப்படுத்துகிறது. உரிமத்தைப் பறித்த பிறகும், ஊரே திட்டித் தீர்த்த பிறகும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார் என்றால், அவருடைய மனசாட்சியை நம்பி ஒரு நகரத்தின் பாதுகாப்பைக் கட்டியது எவ்வளவு பலவீனமானது!

ஷெரிஃப் பெக்கெட் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடிய எட்டு முன்னெச்சரிக்கைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் பல ஓட்டுநரைப் பற்றியவை. ஆனால் எல்லாம் அல்ல. பழைய பேருந்து நிறுவனம் முழுமையான, நேர்மையான நற்சான்று கொடுத்திருக்க வேண்டும் என்றும், மாநகராட்சி அந்த நற்சான்று வரும்முன் அவரை வேலையில் சேர்த்திருக்கக் கூடாது என்றும் சொன்னார். இன்னும் 19 பரிந்துரைகளும் கொடுத்தார். தானாகவே பிரேக் பிடிக்கும் கருவியைக் குப்பை லாரிகளில் பொருத்துவது அவற்றில் ஒன்று. நோயாளியின் உடல்நிலையைப் பற்றி உரிமத் துறைக்குத் தெரிவிக்க மருத்துவர்களுக்குக் கூடுதல் சுதந்திரமோ கடமையோ கொடுக்கலாமா என்று அரசு ஆராய வேண்டும் என்பது இன்னொன்று. இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஓட்டுநர் பேசாத அந்த ஒரு நாளுக்குக் கிடைத்த செய்திப் பக்கங்களில் கால் பங்காவது இந்தப் பரிந்துரைகளுக்குக் கிடைத்திருந்தால், அடுத்த விபத்தைத் தடுக்கும் பேச்சு நாட்டில் தொடங்கியிருக்கும்.

மருத்துவரைத் தெரிவிக்கச் சொல்வதற்கும் கடுமையான எதிர்ப்பு உண்டு. நோயாளிகள் பயந்து மருத்துவரிடமே உண்மையை மறைப்பார்கள், அது இன்னும் ஆபத்து என்பார்கள். இது வெறும் ஊகமல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், உடல்தகுதியற்ற ஓட்டுநர்களை மருத்துவர்கள் எச்சரித்து அரசுக்குத் தெரிவிக்கும் முறையை ஆராய்ந்து 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஓர் ஆய்வை வெளியிட்டது. எச்சரிக்கை பெற்றவர்களிடையே, கடுமையான காயத்தோடு மருத்துவமனைக்கு வரும் சாலை விபத்துகள் சுமார் 45 விழுக்காடு குறைந்திருந்தன. அதே ஆய்வு, அவர்களுக்கு மனச்சோர்வு கூடியதையும், எச்சரித்த மருத்துவரிடம் திரும்ப வருவது குறைந்ததையும் பதிவு செய்தது. இரண்டும் உண்மை. எனக்கு இது தெளிவான கணக்காகவே படுகிறது: மருத்துவரிடமிருந்து விலகிப்போகும் நோயாளி ஓர் இழப்பு, நடைபாதையில் நிற்பவர் மேல் ஏறும் லாரி அதைவிடப் பெரிய, திருப்ப முடியாத இழப்பு. குறைந்தபட்சம் பேருந்து, லாரி, பள்ளி வாகனம் ஓட்டுபவர்களுக்காவது அந்தக் கடமை மருத்துவர் மேல் இருக்கட்டும். வேலையை இழக்கும் ஓட்டுநருக்கு ஸ்டியரிங் இல்லாத வேறொரு வேலையை நிறுவனம் தர வேண்டும் என்ற விதியும் அதோடு சேர வேண்டும். பொய் சொல்லவைக்கும் பயத்தைக் குறைக்காமல் பொய்யைத் தண்டிப்பதில் பயனில்லை.

ரயிலிலும் டிராமிலும் இப்படிச் சிந்திக்கப் பிரிட்டன் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 2016 நவம்பர் 9-ம் தேதி லண்டன் குரோய்டனில், மணிக்கு 20 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் ஒரு டிராம் 73 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்து கவிழ்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். 2021-ல் நடந்த மரண விசாரணைக்கு, உடல்நிலை காரணமாக அதன் ஓட்டுநர் சாட்சி சொல்ல வரவில்லை. அங்கும் உறவினர்கள் கலங்கினார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்பே ரயில் விபத்து விசாரணைப் பிரிவு தன் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. யாரையும் குற்றவாளியாக்குவது அதன் வேலையல்ல. அதனிடம் சாட்சிகள் சொன்னவை நீதிமன்ற ஆணையின்றி வெளியே போகாது. விபத்துக்கு ஒன்பது நாள் முன்பே இன்னொரு டிராம் அதே வளைவில் வேகமாகப் புகுந்து நூலிழையில் தப்பியதை அது கண்டறிந்தது. பிழை ஒரு மனிதரோடு முடிவதல்ல என்பது அதில் தெரிந்தது. 2023-ல் ஜூரிகள் டிராம் ஓட்டுநரை விடுதலை செய்தார்கள். லண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்கு ஒரு கோடி பவுண்டும், டிராமை இயக்கிய நிறுவனத்துக்கு 40 லட்சம் பவுண்டும் அபராதம் விழுந்தது. மரண விசாரணையில் ஓட்டுநர் கூண்டில் ஏறாவிட்டாலும் அந்த வளைவைப் பற்றிய உண்மை வெளிவந்தது, ஏனென்றால் அந்த உண்மையைத் தேடவே ஒரு நிரந்தர அமைப்பு இருந்தது.

சாலைக்கு அப்படி ஒன்று கிளாஸ்கோ விபத்தின்போது இல்லை. ரயிலைப் போலவே சாலை விபத்துகளுக்கும் ஒரு தனி விசாரணைப் பிரிவு அமைக்கப்போவதாகப் பிரிட்டன் அரசு 2022-ல்தான் அறிவித்தது. ஸ்காட்லாந்து தன் 1976-ம் ஆண்டு மரண விசாரணைச் சட்டத்தை மாற்றி 2016-ல் புதிய சட்டம் கொண்டுவந்தது. ஷெரிஃப் யாருக்குப் பரிந்துரை செய்கிறாரோ, அந்த நிறுவனம் விசாரணையில் பங்கேற்றிருந்தால் எட்டு வாரத்துக்குள் என்ன செய்யப்போகிறது என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் நல்ல முன்னேற்றம். ஆனால் பரிந்துரையைச் செயல்படுத்த வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. செய்ய மாட்டேன் என்று காரணம் எழுதி அனுப்பினாலும் சட்டக் கடமை முடிந்துவிடுகிறது. சாட்சியின் மௌன உரிமையைப் புதிய சட்டமும் அப்படியே காப்பாற்றுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் வழக்கு உண்டா என்று முடிவான பிறகே விசாரணை என்ற வரிசையையும், முடிவாகாவிட்டால் சொன்னதைப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியையும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறையும் ஒரு ஓட்டுநர் கூண்டில் ஏறுவார், அடுத்த குடும்பங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும், அவர் வாயைத் திறக்காததற்காக நாடே அவரைத் திட்டும். அப்போதும் அவரை வேலைக்கு எடுத்தவர்கள், அவர் மயக்கத்தைக் குறித்துவைத்தவர்கள், படிவத்தில் அவர் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு உரிமம் கொடுத்தவர்கள் ஆகியோரிடம் அதே அளவு சத்தமாகக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.